எண்ணெய்ப் பொடியில் காறல் வாடை ஏன்?

கேள்வி: ஆளிவிதை எண்ணெயை மால்டோடெக்ஸ்ட்ரினுடன் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) கலந்து, ஸ்ப்ரே டிரையரில் (கலவையைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் இயந்திரம்) பொடியாக்கி, இரும்புச்சத்து சேர்த்த சத்துமாவில் கலக்கிறோம். சில வாரங்களிலேயே காறல் வாடை வருகிறது. எங்கே தவறு?

பதில்: முதல் தவறு, எண்ணெய்த் துளிகளைச் சுற்றி மூடும் உறைப்பொருளில். மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு எண்ணெயைத் தண்ணீரில் பிரியாமல் பிடித்துவைக்கும் திறன் கிடையாது. துளிகள் ஒன்றுகூடிப் பெருத்து, உலரும்போது எண்ணெய் துகளின் மேற்பரப்பில் தங்கிவிடும். காற்றுபட்டு முதலில் கெடுவது அதுதான்.

எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் பிடித்துவைக்கும் பால்புரதமான சோடியம் கேசினேட்டைச் சேருங்கள். 7 கிலோ தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்கி, 300 கிராம் கேசினேட்டைக் கட்டி தட்டாமல் கரையுங்கள். அடுத்து 2.1 கிலோ மால்டோடெக்ஸ்ட்ரின். ஆறியதும், டோகோஃபெரால் (எண்ணெய் கெடுவதைத் தாமதப்படுத்தும் வைட்டமின் ஈ) கலந்த 600 கிராம் எண்ணெயை வேகமாகக் கலக்கியபடி ஊற்றி, துளிகளை நுண்ணியதாக உடைக்கும் ஹோமோஜினைசரில் 300 பார் அழுத்தத்தில் இருமுறை ஓட்டுங்கள். துளிகள் 1 மைக்ரானுக்குக் கீழே வர வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் காப்பாற்றாது. டிரையரில் உள்காற்று 170–180, வெளிக்காற்று 80–85 டிகிரி போதும். பொடியின் ஈரப்பதம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உறை இளகிக் கட்டியாகும்.

ஆய்வகத்தில் பொடியை, எண்ணெயைக் கரைக்கும் திரவமான ஹெக்ஸேனால் லேசாக அலசி, வடித்த திரவத்தை ஆவியாக்கி, மிஞ்சும் எண்ணெயை எடை போட்டால் மேற்பரப்பு எண்ணெய் எவ்வளவு என்று தெரியும். மொத்த எண்ணெயில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தத் தொகுதியை அனுப்பாதீர்கள். ஹெக்ஸேன் எளிதில் தீப்பற்றும், கவனம்.

இரண்டாவது தவறு இரும்பு. சத்துமாவில் சேர்க்கும் இரும்பு, நீரில் கரையும் ஃபெரஸ் சல்பேட்டாக இருந்தால், எண்ணெய் கெடுவதை வெகுவாக விரைவுபடுத்தும். கரையாத ஃபெரிக் பைரோபாஸ்பேட்டுக்கு மாறுங்கள். நைட்ரஜன் நிரப்பிய அலுமினியப் பையில் அடையுங்கள். கேசினேட் பால்பொருள் என்பதால், 'பால் உள்ளது' என்று பையில் அச்சிட வேண்டும்.