அங்கத ஓவியம் வரைந்து பிழைக்க முடியுமா?

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். மகள் நுண்கலை படிக்க வேண்டும், அதிலும் சமூகத்தைக் கேலி செய்து கதை சொல்லும் ஓவியங்கள்தான் வரைவேன் என்கிறாள்; இது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். போடும். ஆனால் ஓவியத்தை விற்று மட்டுமே வாழ்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் இடிக்கும்.

இத்துறையின் முன்னோடியான இங்கிலாந்தின் வில்லியம் ஹோகார்த்தும் அப்படி வாழவில்லை. தகப்பன் சேர்த்த சொத்தை ஆடம்பரத்தில் அழித்து, சூதாடி எல்லாவற்றையும் தொலைத்துப் பைத்தியக்கார விடுதியில் முடியும் ஒருவனின் கதையை எட்டு ஓவியங்களாகத் தீட்டினார். அதையே செப்புத்தகட்டில் செதுக்கி, முன்பணம் வாங்கிப் பிரதிகளாக விற்றார். அவரது முந்தைய ஓவியத் தொடரைப் பிறர் திருட்டுத்தனமாக அச்சிட்டிருந்ததால், சட்டப் பாதுகாப்பு கேட்டுப் போராடினார். 1735இல் அச்சோவியங்களுக்கு 14 ஆண்டு உரிமை தரும் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வரும்வரை புதிய தொடரை அவர் வெளியிடவே இல்லை. ஆகவே அச்சோவியப் பிரிவு வலுவாக உள்ள கல்லூரியைத் தேடுங்கள். பதிப்புரிமையும் ஒப்பந்தம் படிப்பதும் அவளுக்குத் தூரிகை அளவுக்கே அவசியம். நூல்களுக்கும் இதழ்களுக்கும் வரைவது, அனிமேஷனுக்குக் கதைப்பலகை, அதாவது காட்சிகளை முன்கூட்டியே வரைந்து காட்டும் படவரிசை, தயாரிப்பது எல்லாம் இதே திறமைக்கு வரும் வேலைகள்தாம்.

திறமை என்று நான் சொல்வது கோபத்தை அல்ல. பொருந்தாத் திருமணம் பற்றிய ஹோகார்த்தின் இன்னொரு தொடரில், இரவெல்லாம் வெளியே திரிந்த கணவன் நாற்காலியில் சரிந்து கிடக்கிறான். அவன் சட்டைப்பையில் வேறொரு பெண்ணின் தொப்பி. அதை ஒரு நாய் மோப்பம் பிடிக்கிறது. கணக்கர் கட்டாத பில்களோடு வெளியேறுகிறார். யாரும் எதையும் விளக்கவில்லை, ஆனால் குடும்பம் முழுதும் புரிந்துவிடுகிறது! இப்படி ஒவ்வொரு பொருளையும் பேசவைக்க மனித உருவப் பயிற்சியும் ஓயாத கவனிப்பும் வேண்டும். சொத்தைத் தொலைத்தவனைப் பற்றிய ஹோகார்த்தின் தொடரைத் தழுவியே 2012இல் ஆங்கிலேயக் கலைஞர் கிரேசன் பெர்ரி பிரிட்டனின் வர்க்க ரசனைகளை ஆறு நெசவுச் சித்திரங்களாக்கினார்.

ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். பிரெஞ்சு அரசரைப் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக 1832இல் அந்நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் தோமியேவுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. எளியவர்களை விட்டுவிட்டு அதிகாரத்தைக் கேலி செய்கிறாளா என்று பாருங்கள். அப்படியென்றால் அவளைத் தடுக்காதீர்கள்.

சேர்க்கைக்குத் தனித்தனி அழகுப் படங்கள் போதாது. ஒரே கதையை ஐந்தாறு தாள்களில் வரைந்து, முதல் கிறுக்கல்களையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். அதை வைத்துக் கல்லூரியை முடிவு செய்வோம்.