ரெட்டைச் சாக்கு

அண்ணே, பர்மாவுல இருந்து நடந்து வந்தவங்களப் பத்தி நீங்க எழுதுனதப் படிச்சேன். எங்க அம்மாவப் பெத்த தாத்தாவும் அந்தப் பக்கம் பட்டாளத்துல, சப்ளைல இருந்தவரு. ஏரோப்ளேன்ல இருந்து அரிசி மூட்டைய காலால எத்தித் தள்ளுறதுதான் என் வேலைம்பாரு. துப்பாக்கி புடிக்காத பட்டாளத்துக்காரருன்னு ஊர்ல கேலி பண்ணிப் பண்ணி, கடைசில அவரு அந்தப் பேச்சையே விட்டுட்டாரு. சாகுற வரைக்கும் அரிசிய சாக்குக்குள்ள சாக்கு போட்டுத்தான் கட்டுவாரு, ஏன்னு கேட்டா சிரிப்பாரு. நெசமாவே அப்படி ஒரு வேலை இருந்துச்சாண்ணே?
(உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு வாசகர், பேர் போட வேணாம்னுட்டார்)

தம்பி, அம்புட்டும் நெசம். அந்த ரெட்டைச் சாக்கு ஒண்ணே போதும், தாத்தா அங்கதான் இருந்திருக்காருன்னு நான் நம்புறதுக்கு.

ரெண்டாம் உலகப்போர்ல, 1944 மார்ச் கடைசில, ஜப்பான்காரய்ங்க மணிப்பூர்ல இருக்குற இம்பாலுக்குப் போற கோஹிமா ரோட்ட மறிச்சிட்டாய்ங்க, இம்பால்ல பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துக்காரங்க ஒன்றரை லட்சம் பேர் மாட்டிக்கிட்டாங்க, ஜூன் 22 வரைக்கும் ரோடு தொறக்கல, அதுவரைக்கும் சோறு, குண்டு, பெட்ரோல்னு எல்லாமே சில்ஹெட், அகர்தலா, கொமில்லா பக்கமிருந்து டகோட்டாங்கிற சரக்கு விமானத்துல போனதுதான். திரும்பும்போது காயம்பட்டவங்கள ஏத்திக்கிட்டு வருவாங்க. இம்பால்லயாவது எறங்க ரன்வே இருந்துச்சு, மலைக்குள்ள நின்ன பட்டாளத்துக்கு மேல இருந்து போட்டாத்தான் சோறு.

டகோட்டாவோட கதவக் கழட்டிட்டுத்தான் கெளம்புவாங்க. வாசல்ல மூட்டைய அடுக்கி வச்சிட்டு, பைலட் சிக்னல் குடுத்ததும் மல்லாக்கப் படுத்து ரெண்டு காலாலயும் எத்தணும், சில மூட்டை போனதும் நிறுத்திறணும், ஏன்னா எடம் அம்புட்டு சின்னது, கொஞ்சம் லேட்டானா எதிராளி கையில போய் விழுந்துரும், கோஹிமாவுல அப்படியும் நடந்துச்சு. அப்பறம் மலைய ஒட்டி ஒரு சுத்து சுத்தி வந்து மறுபடி எத்தணும், விமானம் காலியாகுற வரைக்கும் இதே வேலைதான். கீழ இருந்து சுடுவாய்ங்க, திருப்பிச் சுட டகோட்டாவுல துப்பாக்கி கெடையாது. மழைக்காலம் வந்தும் நிறுத்தல, அந்த மேகத்துக்குள்ள போயி திரும்பாத விமானங்களும் உண்டு.

குண்டு மாதிரி சாமானுக்கு பாராசூட் வேணும், பட்டு கெடைக்காம கல்கத்தா மில்லுகள்ல சணல்லயே பாராசூட் செஞ்சாங்க. அரிசிக்கு அதுகூட இல்ல, அப்படியே போடுறதுதான். உள் சாக்க முழுசா ரொப்பாம, அதவிடப் பெரிய சாக்குக்குள்ள வச்சுத் தைப்பாங்க, தரையில மோதி உள்சாக்கு கிழிஞ்சாலும் வெளிச்சாக்கு அரிசியப் புடிச்சுக்கும். இத வாசிச்சுட்டு கீழமாசி வீதில கோணி ஊசியோட ஒக்காந்து சாக்கு தைக்கிறவர ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன் தம்பி.

அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 1942-ல, ஜப்பான்காரய்ங்களுக்குப் பயந்து பர்மாவுல இருந்து நடந்து வந்த நம்ம சனங்க சோறில்லாம விழுந்து செத்ததும் அதே மணிப்பூர் மலைலதான். அந்த மலைல பசிச்சவனுக்கு அரிசி போட்ட மனுசன கேலி பண்ணுனாய்ங்கன்னு படிச்சதும் எனக்கு மனசு ஆறல.

அம்மாகிட்ட சொல்லி டிரங்குப் பெட்டியத் தேடுங்க. பட்டாளத்த விட்டு வரும்போது குடுக்குற டிஸ்சார்ஜ் புக் இருந்தா அதுல அவரு இருந்த பட்டாளக் கம்பெனியோட நம்பர் இருக்கும், போட்டோ எடுத்து அனுப்புங்க.