பம்ப் விற்பவர் தரும் பணத்தில் ஆலோசனை சொல்லலாமா?

கேள்வி: மின் பொறியாளரான நான் வேலையை விட்டுவிட்டுத் தனி ஆலோசகராக இறங்கியிருக்கிறேன். முதல் வேலை, ஒரு ஊர்க் குழுவுக்கு சோலார் பம்ப் வைத்துக் குடிநீர்த் திட்டம். தினமும் 20,000 லிட்டர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் 35 மீட்டரில் நிற்கிறது. பம்ப் விற்பவர் 5 குதிரைத்திறன் போடச் சொல்கிறார். குழுவிடம் பணம் குறைவு என்பதால் என் கட்டணத்தையும் தானே தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணமும் கடைசியில் பம்ப் விலையில் ஏறி, குழுவின் தலையில்தான் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், 5 குதிரைத்திறன் வேண்டாம் என்று அவர் பணத்தை வாங்கிக்கொண்டு உங்களால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய நிலைதான் இங்கே இருக்கிறது.

நீங்கள் சொல்லும் 35 மீட்டர், பம்ப் ஓடாதபோது நீர் நிற்கும் மட்டம். இறைக்கும்போது அது இறங்கும். 45 மீட்டருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டிக்கு 8, குழாய் உராய்வுக்கு 2 சேர்த்தால் மொத்தம் 55 மீட்டர். ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த 2.725 வாட் மணி தேவை. 20 × 55 × 2.725 என்றால் ஏறக்குறைய 3,000 வாட் மணி, அதாவது 3 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் ஓடினால் 6 யூனிட். நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் என்று எடுத்து, வெப்பம், தூசு, ஒயர் இழப்புக்கு 25 சதவீதம் கழித்தால் 1.6 கிலோவாட் பேனல் வருகிறது. கொஞ்சம் தாராளமாக 2 கிலோவாட் பேனலும் 2 குதிரைத்திறன் பம்பும் போதும்.

பெரிய பம்ப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று குழுவினர் கேட்பார்கள். அதே 55 மீட்டரில், நல்ல வெயிலில், 5 குதிரைத்திறன் பம்ப் நிமிடத்துக்கு 200 லிட்டர் வரை இழுக்கும். ஊற்று 90 லிட்டர்தான் கொடுக்கிறது என்றால் நீர் பம்ப் வரை இறங்கிவிடும். பாதுகாப்பு சென்சார் இருந்தால் பம்ப் நின்று நின்று ஓடும். இல்லையென்றால் வறண்டு ஓடிக் கருகும்.

ஆகவே கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே ஊற்றுச் சோதனை நடக்க வேண்டும், அதுவும் கோடையில். ஒரே வேகத்தில் குறைந்தது 8 மணி நேரம் இறையுங்கள். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று அவ்வப்போது பாருங்கள். நீர்மட்டத்தை முதல் 10 நிமிடம் நிமிடத்துக்கொரு முறையும், பிறகு இடைவெளி விட்டும் அளந்து எழுதுங்கள். பம்பை நிறுத்திய பிறகும் மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மட்டம் ஏறவே இல்லையென்றால், பகலில் இறைத்தது மறுநாளைக்குத் திரும்பாது. மேகமூட்ட நாட்களுக்கு பேட்டரி வேண்டாம்; இரண்டு நாள் நீர் பிடிக்கும் தொட்டியே மலிவு, பழுதும் குறைவு.

களத்தில் இரண்டு இடங்களை நீங்களே நின்று பாருங்கள். ஒன்று, பேனல் ஒயர்களின் கனெக்டர்கள்: ஆண் முனை ஒரு நிறுவனத்துடையதும் பெண் முனை வேறொன்றுடையதுமாக இருந்தால், இறுக்கமாகப் பொருந்தியது போலத் தெரிந்தாலும் நாளடைவில் சூடாகி உருகும். இன்னொன்று, பேனல் பக்கத்து சுவிட்ச்: அது டிசிக்கு (பேனல் தரும், ஒரே திசையில் பாயும் மின்சாரத்துக்கு) என்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஏசி மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அது அணையாமல் நின்று எரியும்.

கட்டணத்தை மூன்று துண்டாகப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள்: சோதனையும் அறிக்கையும், விவரக்குறிப்பும் கொட்டேஷன் ஒப்பீடும், கள மேற்பார்வை. பம்ப், அதை பேனல் மின்சாரத்தில் ஓட்டும் கருவியான கன்ட்ரோலர் இரண்டையும் மாற்றும் செலவை 84 மாதங்களுக்கு வகுத்து, வீட்டுக்கு மாதம் எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்பதையும் அறிக்கையில் போட்டுவிடுங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும், இவை இரண்டும் அவ்வளவு தாங்காது. முழுக் கட்டணம் தர முடியாது என்று குழு சொன்னால், முதல் துண்டை மட்டும் செய்துகொடுங்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விற்பனையாளரிடமும் அவர்களே பேச முடியும்.