வாசகர் கேள்வி – பதில்: பீரங்கி பூட்டிய பயணிக் கப்பல்கள்

1939-ல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை ஏறத்தாழ 50 பயணிக் கப்பல்களைக் கம்பெனிகளிடமிருந்து எடுத்து, பீரங்கி பொருத்திக் கடலுக்கு அனுப்பியது. அந்தக் கப்பல்களைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

‘கொமோரின்’ என்று ஒரு போர்க்கப்பல் இருந்ததாமே? அது நம் குமரிமுனையின் பெயரா? (நாகர்கோவில்)

ஆம், கன்னியாகுமரியின் பெயரேதான். பி அண்ட் ஓ கம்பெனி 1925-ல் சேவைக்கு விட்ட 15,000 டன் கப்பல் அது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தபாலும் பயணிகளும் ஏற்றிப் போனது. கத்தாய், சித்ரால் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். மூன்றுமே 1939-ல் கடற்படைக்குப் போயின.

கொமோரினை அழித்தது பகைவனின் குண்டு அல்ல. 1941 ஏப்ரல் 6 அன்று வட அட்லாண்டிக்கில் பெரும் புயலில் போய்க்கொண்டிருந்தபோது கப்பலுக்குள் எண்ணெய்த் தீ பற்றியது. எண்ணெய் எரிக்கும் பாய்லர் அறையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பம்ப் எண்ணெயைச் சூடாக்கி அழுத்தத்தோடு அனுப்புகிறது. குழாயில் சின்ன விரிசல் விட்டாலும் எண்ணெய் பனிபோலத் தெறித்து, அடுப்பின் வாயில் பற்றிக்கொள்ளும். ஆட்கள் அறையை விட்டு ஓடவேண்டி வந்தால் நீராவி போகும். நீராவி போனால் தீயணைக்கும் பம்பும் நிற்கும். கொமோரின் அலையில் குறுக்கே விழுந்து எரிந்தது.

புரோக், லிங்கன் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் கிளனார்ட்னி என்ற சரக்குக் கப்பலும் உதவிக்கு வந்தன. புரோக் கொமோரினின் பக்கவாட்டில் மீண்டும் மீண்டும் வந்து ஒட்டியது. குதிப்பவர்கள் விழும் இடத்தில் மாலுமிகளின் தொங்குபடுக்கைகளை மெத்தைபோல் குவித்து வைத்தார்கள். சின்னக் கப்பல் அலையில் மேலே எழும்பும் நொடியில் குதிக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அது பல அடி கீழே இறங்கிவிடும், குதித்தவன் கால் உடையும். அப்படி உடைந்த கால்கள் பல. ஆனாலும் 400-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள், சுமார் 20 பேரே இறந்தார்கள். அந்தக் கடலில் அது பெரிய காரியம். எரிந்த கப்பலை மறுநாள் பிரிட்டிஷ் கடற்படையே மூழ்கடித்தது.

பயணிக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்ற என்னென்ன செய்தார்கள்? (தூத்துக்குடி)

முதல் வேலை கழற்றுவது. கம்பளம், திரைச்சீலை, சாய்வு நாற்காலி, மரத்தடுப்பு என எரியக்கூடிய எல்லாம் போகும். பீரங்கி திரும்பும் வட்டத்தில் நிற்கும் பாரந்தூக்கிகளும் கம்பிகளும் போகும்.

அடுத்து பீரங்கி. இப்படி மாற்றிய ராவல்பிண்டி என்ற பயணிக் கப்பல் போன்றவற்றுக்குக் கிடைத்தவை முதல் உலகப்போருக்கும் முந்தைய 6 அங்குலப் பீரங்கிகள். பழைய போர்க்கப்பல்களை உடைத்தபோது எடுத்துக் கிடங்கில் வைத்திருந்தவை. பயணிக் கப்பலின் மேல்தளம் மனிதர்கள் நடக்கப் போட்ட மெல்லிய தகடு. அதன்மேல் அப்படியே பீரங்கியை வைத்துச் சுட்டால் பின்னுதைப்பில் தளம் நெளியும், ரிவெட்டுகள் பிய்த்துக்கொள்ளும். ஆகவே பீரங்கியின் அடியில் தடித்த எஃகுத் தகடு போட்டு, அதைத் தாங்க ஒவ்வொரு தளமாகக் கீழே தூண் இறக்கி, கப்பலின் உறுதியான சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நேற்றுவரை முதல் வகுப்புப் பயணி படுத்திருந்த அறையின் நடுவே எஃகுத் தூண் வந்து நின்றது இப்படித்தான்.

வெடிமருந்தும் குண்டும் நீர்மட்டத்துக்குக் கீழே, சரக்கறையில் தடுத்துக் கட்டிய கிடங்கில் இருக்கும். தீ நெருங்கினால் கடல்நீரைத் திறந்துவிட அங்கே குழாய் உண்டு. குண்டுகள் மின்தூக்கியில் மேலே வரும், பிறகு ஆட்கள் பீரங்கிவரை சுமப்பார்கள். ஒரு குண்டின் எடை 45 கிலோ. அதை ஆடும் தளத்தில் இரண்டு கைகளில் ஏந்திப் போக வேண்டும்.

பலர் எண்ணிப் பார்க்காத வேலை ஒன்று உண்டு, அதுதான் நிலைப்பாரம். ஆயிரக்கணக்கான டன் சரக்கோடு ஓடக் கட்டிய கப்பல் சரக்கில்லாமல் ஓடினால் உயர மிதக்கும், தள்ளாடும். மேலே பீரங்கிகள் ஏறியதும் நிலைமை இன்னும் மோசம். ஆகவே அடியில் பாரம் நிரப்ப வேண்டும். அளவு மிஞ்சினாலும் தொல்லை. அடிப்பாரம் கூடிய கப்பல் சாய்த்துவிட்ட தஞ்சாவூர் பொம்மைபோல வெடுக்கென்று நிமிரும். அந்த வேகமான ஆட்டத்தில் குறிவைப்பவன் கண்ணில் இலக்கு நிற்காது.

ராவல்பிண்டியில் இரண்டு புகைபோக்கிகளில் பின்னதை எடுத்தே விட்டார்கள். கம்பீரத்துக்காக வைத்த வெறும் கூடு அது, புகை வந்ததில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் பூசினார்கள்.

ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. கப்பல் கம்பெனியின் எஞ்சின் ஆட்களும் சமையல்காரர்களும் டி.124 என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கடற்படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அதே கப்பலில் தொடர்ந்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் தலைமையேற்றார்கள். ராவல்பிண்டியின் கேப்டன் எட்வர்ட் கென்னடிக்கு வயது 60.

எட்டுப் பீரங்கிகள் இருந்தும் ராவல்பிண்டியால் ஏன் எதிர்த்து நிற்க முடியவில்லை? (மதுரை)

பக்கத்துக்கு நான்காக வைத்த எட்டு அவை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் சுட முடியும். நான்கு குண்டுகள் சேர்ந்து 180 கிலோ. 1939 நவம்பர் 23 அன்று ஐஸ்லாந்துக்கும் ஃபாரோ தீவுகளுக்கும் இடையே எதிரே வந்தவை ஷார்ன்ஹார்ஸ்ட், கினைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மன் பெருங்கப்பல்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது 28 செ.மீ. பீரங்கி, ஒரு குண்டு 330 கிலோ. இரண்டும் ஒருமுறை சேர்ந்து சுட்டால் ஏறத்தாழ 5,900 கிலோ.

எடையைவிட மோசமான குறை கவசம் இல்லாதது. உண்மையான போர்க்கப்பலில் எஞ்சினும் பாய்லரும் மின் உற்பத்தியும் தடித்த எஃகுக்குப் பின்னால் இருக்கும். இங்கே ஒரு விரற்கடை தகடுதான் பாதுகாப்பு. ஆரம்ப அடிகளிலேயே மின்சாரம் போனது, குண்டு தூக்கிகள் நின்றன. அதன்பின் ஒவ்வொரு குண்டையும் கீழேயிருந்து கையால் ஏற்ற வேண்டியதாயிற்று. எல்லாப் பீரங்கிக்கும் ஓரிடத்திலிருந்து தூரமும் கோணமும் கணித்துச் சொல்லும் ஏற்பாடும் போர்க்கப்பல் தரத்தில் இல்லை. இந்த நிலையிலும் ஷார்ன்ஹார்ஸ்ட்டின் மேல் ஒரு குண்டு விழச் செய்தார்கள். கப்பல் மூழ்கியது, 238 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் 11 பேரைத் தூக்கியது, கொமோரினின் உடன்பிறப்பான சித்ரால்.

ராவல்பிண்டியை அங்கே நிறுத்தியது போரிட அல்ல. வடகடல் வழியாக நழுவும் ஜெர்மன் வணிகக் கப்பல்களைத் தடுத்துச் சோதிக்கவே. அந்த வேலைக்கு இது பொருத்தமான கப்பல்தான். எரிபொருள் நிறைய கொள்ளும், வாரக்கணக்கில் கடலில் நிற்கும். அக்டோபர் 19 அன்று கான்சென்ஹைம் என்ற ஜெர்மன் கப்பலை மறித்தபோது, பிடிபடாமலிருக்க அதன் ஆட்களே அதை மூழ்கடித்தார்கள். மற்றொரு பலனும் உண்டு. ராவல்பிண்டி எதிரியைக் கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துவிட்டுத்தான் சண்டையில் இறங்கியது. இடம் தெரிந்துபோனதால் இரண்டு ஜெர்மன் கப்பல்களும் அட்லாண்டிக்குக்குள் போகாமல் நாடு திரும்பின.

மூழ்காமலிருக்கக் கப்பல் முழுக்கக் காலிப் பீப்பாய் அடுக்கினார்கள் என்று படித்தேன். நம்பலாமா? (கடலூர்)

நம்பலாம். கணக்கு எளிது. 200 லிட்டர் டிரம் ஒன்று 200 கிலோ நீரை விலக்கும், அதன் சொந்த எடை சுமார் 20 கிலோ. ஆக ஒரு டிரம் 180 கிலோவைத் தாங்கும். 5,000 டிரம் அடுக்கினால் 900 டன் மிதவை. சரக்கறையில் ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் புக முடியாது. அசையாமல் இறுக்கி அடுக்குவது முக்கியம். இடைவெளி விட்டால் டிரம்கள் உருண்டு ஒரு பக்கம் சேர்ந்து கப்பலைச் சாய்த்துவிடும்.

ஆனால் எஞ்சின் அறையிலும் பாய்லர் அறையிலும் டிரம் வைக்க முடியாதே. கப்பலிலேயே பெரிய வெற்றிடங்கள் அவைதான். டார்பிடோ அங்கே பட்டால் கப்பல் மூழ்காது, ஆனால் நின்றுவிடும். நின்ற கப்பலை நீர்மூழ்கி நிதானமாக மறுபடி குறிவைக்கும். 1940 நவம்பர் 3 இரவு அயர்லாந்துக்கு மேற்கே லாரென்டிக், பேட்ரோக்ளஸ் இரண்டையும் தாக்கிய யூ-99 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, டார்பிடோமேல் டார்பிடோவாக விட்டது. பேட்ரோக்ளஸ் விடியும்வரை தாங்கிப் பிறகே உடைந்தது. பீப்பாய் தந்த அந்த மணிநேரங்கள் பலர் உயிரைக் காத்தன, கப்பலைக் காக்கவில்லை.

போரில் பிரிட்டன் இழந்த இத்தகைய கப்பல்கள் 15. அவற்றில் 10 நீர்மூழ்கிகளுக்குப் பலி. எதிரிக் கப்பல்களோடு பீரங்கிச் சண்டையில் அழிந்தவை மூன்றே. உயரமான பக்கவாட்டு, 15 முதல் 17 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.), நீருக்கடியில் தேடும் கருவியின்மை இவையெல்லாம் சேர்ந்தால் வேறு முடிவு வராது. நம் கருத்தில், 1940-ன் நடுவிலேயே இவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அங்கே நிறுத்த வேறு கப்பல் இல்லை என்பதே எடுக்காததற்குக் காரணம்.

ஜெர்விஸ் பே ஒரே கப்பல் எப்படி ஒரு கான்வாயையே (காவலோடு கூட்டமாகப் போகும் வணிகக் கப்பல் அணி) காப்பாற்றியது? (சென்னை)

1940 நவம்பர் 5. கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த எச்.எக்ஸ். 84 கான்வாயில் 37 வணிகக் கப்பல்கள், காவலுக்கு ஜெர்விஸ் பே மட்டும். 1922-ல் கட்டிய 14,000 டன் கப்பல், ஏழு 6 அங்குலப் பீரங்கிகள். மாலை மங்கும் நேரத்தில் ஜெர்மனியின் அட்மிரல் ஷியர் என்ற போர்க்கப்பல் வந்தது.

பீரங்கியின் எட்டு தூரத்தைப் பாருங்கள். ஷியரின் பீரங்கி 36 கி.மீ. வரை எட்டும். ஜெர்விஸ் பேயின் பழைய பீரங்கி சுமார் 13 கி.மீ. மட்டுமே. ஷியரின் வேகம் 28 நாட், இதன் வேகம் 15. ஷியர் விரும்பும் தூரத்திலேயே சண்டை நடக்கும், அதை மாற்ற ஜெர்விஸ் பேயால் முடியாது. கேப்டன் ஃபெகன் கான்வாயைக் கலைந்து ஓடச் சொல்லி, புகை விடச் செய்து, தன் கப்பலை நேராக ஷியரை நோக்கித் திருப்பினார்.

இதன் பயன் நேரத்தில் இருக்கிறது. 9 நாட் வேகத்தில் ஓடும் சரக்குக் கப்பல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 17 கி.மீ. போகும். 37 கப்பல்கள் திசைக்கொன்றாகப் பிரிந்தால் தேடவேண்டிய கடல் பல மடங்கு விரியும், அதற்குள் இருட்டிவிடும். ஷியரால் ஜெர்விஸ் பேயை விட்டுவிட்டும் போக முடியவில்லை. நடுக்கடலில் தற்செயலாக ஒரு 6 அங்குலக் குண்டு எஞ்சினிலோ எண்ணெய்த் தொட்டியிலோ பட்டால், ஜெர்மனி வரை திரும்ப வழியில்லை. ஆகவே அதை முதலில் அடக்கியாக வேண்டியிருந்தது. இருபது நிமிடங்களுக்கு மேல் ஜெர்விஸ் பே சுட்டது. பீரங்கிகள் அடங்கிய பிறகும் ஷியர் சுட்டுக்கொண்டே இருந்தது. இரவு எட்டு மணி வாக்கில் ஜெர்விஸ் பே மூழ்கியது. ஃபெகனும் போனார். அவருக்குப் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

ஷியரால் அந்தக் கான்வாயில் மூழ்கடிக்க முடிந்தது ஐந்து கப்பல்களை. தப்பி ஓடிய ஸ்டூரெஹோம் என்ற ஸ்வீடன் கப்பலின் கேப்டன் ஸ்வென் ஓலாண்டர், தன் ஆட்களின் சம்மதத்தைக் கேட்டு, இருட்டில் அதே இடத்துக்குத் திரும்பினார். ஜெர்விஸ் பேயின் 65 பேர் இன்று வரலாற்றில் உயிர் பிழைத்தவர்களாக நிற்பது அவர் திரும்பியதால்தான்.

கொழும்புத் துறைமுகத்தில் அழிந்த ஹெக்டர் இந்த வகைதானா? (கொழும்பு)

ஆம். புளூ ஃபனல் கம்பெனியின் 1924-ம் ஆண்டுக் கப்பல், 11,000 டன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, கடற்படைப் பணி முடிந்து வணிகத்துக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தது. குண்டுபட்டு எரிந்து துறைமுகத்திலேயே அமர்ந்தது. அன்று டெனிடோஸ் என்ற நாசகாரியும் மூழ்கியது. போருக்குப் பின் ஹெக்டரைத் தூக்கி உடைத்துவிட்டார்கள்.

1914-ல் சென்னையைச் சுட்ட எம்டனும் மாற்றியமைத்த பயணிக் கப்பலா? இப்படிப்பட்ட கப்பல் எதையாவது இன்று பார்க்க முடியுமா? (திருச்சி)

எம்டன் பிறவியிலேயே போர்க்கப்பல். ஆனால் அது பிடித்த முதல் இரை ஒரு பயணிக் கப்பல்: 1914 ஆகஸ்ட் 4-ல் சிக்கிய ரஷ்யாவின் ரியாசான். சீனாவின் சிங்டாவோ துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கோர்மொரான் என்ற பழைய ஜெர்மன் கப்பலின் எட்டு 10.5 செ.மீ. பீரங்கிகளை அதில் ஏற்றி, அந்தப் பெயரையே சூட்டினார்கள். அதை முடக்கியது நிலக்கரி. வழியில் நிரப்ப நட்புத் துறைமுகம் இல்லாமல், 1914 டிசம்பரில் கிட்டத்தட்ட காலி அறையோடு அமெரிக்காவின் குவாம் தீவுக்குள் நுழைந்தது. அமெரிக்கா போதிய கரி தர மறுத்ததால் அங்கேயே முடங்கியது. 1917 ஏப்ரல் 7, அமெரிக்கா போரில் இறங்கிய செய்தி வந்ததும் அதன் ஆட்களே வெடிவைத்து மூழ்கடித்தார்கள்.

பார்க்க வேண்டுமானால் குவாமின் ஆப்ரா துறைமுகத்தில் முக்குளிக்க வேண்டும். கோர்மொரான் அங்கே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. இரண்டாம் போரில் மூழ்கிய ஜப்பானின் டோக்காய் மாரு என்ற சரக்குக் கப்பல் அதன்மேல் ஒட்டிச் சாய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் நின்று இரண்டு கைகளை நீட்டினால் இரண்டு கப்பல்களையும் ஒரே நேரத்தில் தொடலாம்.