மூன்று வருடமாகப் பதில் இல்லை; நான் பின்மாற்றக்காரியா?

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. நாங்கள் இருவரும் சிறுவயதிலிருந்தே ஆலயத்துக்குப் போகிறவர்கள். உபவாசம் இருந்து ஜெபித்தேன், இரவு முழுக்க விழித்தும் ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. சபையில் சிலர், "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பார்" என்கிறார்கள். வரப்போகும் ஸ்தோத்திர ஆராதனையில், அவர் சுகமாகிவிட்டார் என்று விசுவாசத்தோடு சாட்சி சொல்லும்படியும், அதற்கு அடையாளமாக மாத்திரைகளை நிறுத்தும்படியும் ஒருவர் வற்புறுத்துகிறார். எனக்கோ இப்போது ஜெபமே வருவதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். சில இரவுகளில், விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. நான் விசுவாசத்தை விட்டு விலகி, பின்மாற்றத்தில் விழுந்துவிட்டேனா? இந்த நிலையில் ஆண்டவருக்கு உண்மையாக இருப்பது எப்படி?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். யார் சொன்னாலும் சரி, எந்த வசனத்தைக் காட்டிச் சொன்னாலும் சரி. ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தத்துக்கும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மருத்துவர் தருகிற மாத்திரைகள் அந்த இரண்டாவது அடியைத் தடுக்கத்தான். எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன், ஆயுசில் 15 வருடம் கூட்டுவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னார். மருந்து போட்டதால் எசேக்கியாவின் விசுவாசம் குறைந்துபோயிற்று என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுலோடு கடைசிவரை கூட இருந்த லூக்காவும் ஒரு வைத்தியர்தான்.

சாட்சி விஷயமும் அப்படித்தான். நடக்காததை நடந்ததாகச் சொல்லும்படி தேவன் யாரையும் கேட்பதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன வரி இருக்கிறது. அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிற வரி அது: துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார். யார் சொல்கிறார் பாருங்கள். எபேசுவில் இவருடைய சரீரத்திலிருந்து உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறதே, அதே பவுல். கூடவே பிரயாணம் செய்த ஒரு நண்பர் நோயாளியாகவே பின்தங்கிவிட்டார். அதை மறைக்காமல், விளக்கம் சொல்லாமல், துரோப்பீமுவின்மேல் குற்றமும் சுமத்தாமல் எழுதி வைக்கிறார். உங்கள் வீட்டு நிலைமையை நீங்களும் அப்படியே சொல்லலாம். ஸ்தோத்திர ஆராதனையில் பேசித்தான் ஆக வேண்டுமென்றால், "மூன்று வருடமாகிறது, இன்னும் சுகமாகவில்லை, நான் இன்னும் வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது நல்ல சாட்சி. பேச மனமில்லையா, பேச வேண்டாம்.

அப்புறம் அந்த மறைவான பாவம். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டுமில்லை என்று இயேசு சொல்லிவிட்டார். இதற்குமேல் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது உங்கள் கேள்வி. ஜெபம் வரவில்லை, அதனால் பின்மாற்றத்தில் விழுந்துவிட்டேனோ என்று பயப்படுகிறீர்கள். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் புத்தகத்தை நாம் வழக்கமாக வாசிப்பது முதல் இரண்டு அதிகாரங்களும் கடைசி அதிகாரமும்தான். நடுவில் இருக்கிற அத்தனை அதிகாரங்களையும் தள்ளிக்கொண்டு போய்விடுகிறோம். உங்களுக்கான பகுதி அந்த நடுவில்தான் இருக்கிறது. மூன்று நண்பர்களும் வந்து ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். அவர்கள் பேசியதை நிதானமாக வாசித்தால் ஒன்று தெரியும்: தேவனைப் பற்றி அழகாக, நீளமாகப் பேசுகிறார்கள், தேவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யோபு முறையிடுகிறார், குற்றம் சாட்டுகிறார், நான் பிறக்காமலே இருந்திருக்கலாமே என்கிறார். ஆனால் திரும்பத் திரும்ப நண்பர்களை விட்டுவிட்டுத் தேவனுக்கு நேராகத் திரும்பி, உம்மைத்தான் கேட்கிறேன் என்று பேசுகிறார். முடிவில் கர்த்தர், என் தாசனாகிய யோபைப் போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய், அதாவது சரியாய், பேசவில்லை என்று நண்பர்களைத்தான் கண்டித்தார்.

உண்மையாக இருப்பது என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். முகத்தை அவருக்கு நேராக வைத்திருப்பது. அந்த முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டியதில்லை. பின்மாற்றக்காரிக்கு இந்தக் கேள்வியே வராது, சகோதரி. அவர் பதில் சொல்லவில்லையே என்று உங்களுக்கு வலிக்கிறது. வேண்டாதவர் ஒருவர் மூன்று வருடம் பேசாமல் இருந்தால் நமக்கு வலிக்குமா?

ஜெபம் வராத நாட்களுக்காகவே 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. வேதத்தில் இருக்கிற சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் பெரும்பாலானவை எங்கேயாவது ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. இருளிலேயே தொடங்கி, சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி முடிந்துவிடும். எபிரெயுவில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். இருந்தும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடவில்லை. ஆராதனைப் பாட்டாகவே வைத்திருந்தார்கள். உங்களுக்குச் சொந்தமாக வார்த்தை வராதபோது இதை எடுத்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் ஒரு ஸ்தோத்திரத்தை வலிந்து சேர்க்க வேண்டாம். அந்தச் சங்கீதக்காரனே சேர்க்கவில்லை.

விடியாமலே போனால் நல்லது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினியைக் கண்ட மனிதர் அவர். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பிரசங்கம் செய்யவும் இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான், ஓரேப் மலையில். மூன்று வருடமாக ஒருவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் புரட்டிப் படுக்க வைக்கிறவருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கம். அடுத்த முறை கணவருக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்: தூக்கமில்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்று அப்படியே சொல்லுங்கள். அந்த எண்ணம் இப்போதே பலமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவரோடு மருத்துவரிடம் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விசுவாசக் குறைவும் இல்லை.

என் வாழ்க்கையிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. என் தம்பி இறந்தபின் எட்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் வாய் வறண்டுபோகும், அவ்வளவுதான். எங்கள் சபையில் வயதான ஒரு அம்மா வியாழக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவார். அவருடைய வேதாகமத்தின் அட்டை கழன்றுபோய், ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். அதைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு சங்கீதம் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பார், நான் ஆமென் சொல்வேனா என்று. பல வாரம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தானே ஆமென் சொல்லிவிட்டு, ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போவார். ஒருமுறை மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் பங்கையும் நான் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன், நீ அவசரப்படாதே" என்றார்.

அந்த அம்மா போன பிறகுதான் மாற்கு இரண்டாம் அதிகாரம் எனக்குப் புரிந்தது. திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் விளங்காதவனை, நான்கு பேர் சுமந்துவருகிறார்கள், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் என்று பன்மையில். படுக்கையில் கிடந்தவன் வாய் திறந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. மூன்று வருடமாக அந்தப் படுக்கையின் நான்கு மூலையையும் நீங்கள் ஒருவராகவே தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கை தளர்ந்தால் அது பின்மாற்றமா?

ஆகவே இன்னும் மூன்று பேரைத் தேடுங்கள். மொத்தச் சபையும் வேண்டாம். பாவத்தைத் தோண்டாமல், தீர்க்கதரிசனம் சொல்லாமல் உட்காரத் தெரிந்தவர்கள் மூன்று பேர் போதும். "எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சரி என்பார்கள், போய்விடுவார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் இருக்க முடியுமா, நான் தூங்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படி ஒருவர்கூட அந்தச் சபையில் கிடைக்கவில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரைப் போதகரும் கண்டிக்கவில்லை என்றால், வேறு ஆலயத்துக்குப் போவதைத் துரோகமாக நினைக்க வேண்டாம். கடைசி வரிசை எல்லா ஆலயத்திலும் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஆசீர்வாதம் கூறும்வரை உட்கார்ந்திருங்கள். உங்களிடம் எதுவும் கேட்காமல் உங்கள்மேல் கூறப்படுகிற வார்த்தைகள் அவை. தலையைக்கூடக் குனிய வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொன்று, இது உங்கள் கணவருக்காக. வலது பக்கமும் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு, சொந்தமாக ஒரு வாக்கியம் பேச வராவிட்டாலும், சிறுவயதில் மனப்பாடம் செய்ததும் பாடிப் பழகியதும் வாயில் வருவதுண்டு. பேச்சுக்கான மூளைப்பகுதி அடிபட்டாலும், ராகமும் பழகிய வரிகளும் வேறு பகுதிகளில் தங்கியிருப்பதால் அப்படி. எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பேச்சுப் பயிற்சியாளரிடமும் கேட்டுப் பாருங்கள். அவரும் சிறுவயதிலிருந்தே ஆலயத்துக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று மெதுவாகத் தொடங்குங்கள். இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். வார்த்தை வந்தால் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். வரவில்லையென்றால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நீங்கள் சொல்லி முடியுங்கள், அவர் பங்கையும் சேர்த்து.