ஒஹாயோ தனியார் கல்லூரிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒஹாயோவில் ஒரு தனியார் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொன்னால் அதற்கு ஆள் பிடிக்கிறேன் என்பீர்கள். கேள்விகளைப் போடுங்கள் என்று சொன்னதும் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒஹாயோ ஸ்டேட், சின்சினாட்டி மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் வராது.

டப்ளினிலிருந்து (ஒஹாயோ ஊர், அயர்லாந்து இல்லை) ஓர் அப்பா: மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஓபர்லின், கென்யன் இரண்டிலும் வருடச் செலவு 80,000 டாலருக்கு மேல் காட்டுகிறது. ஒஹாயோ ஸ்டேட்டில் அதில் பாதிகூட இல்லை. இந்தக் காசை யார்தான் கட்டுகிறார்கள்?

முழுசாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அமெரிக்கா முழுக்க லாபநோக்கில்லாத தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவருக்குச் சராசரியாகக் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் கல்லூரியே தள்ளுபடி செய்கிறது. அதனால் போட்டிருக்கும் விலையைப் பார்த்து யாரும் ஓட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும், 2011லிருந்து அதை வைப்பது சட்டப்படி கட்டாயம். போன வருட வரித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை.

இப்போது உங்கள் விஷயம். ஓபர்லின், கென்யன் மாதிரிப் பெயர் பெற்ற இடங்களில் உதவியின் பெரும்பகுதி குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. வீட்டில் இரண்டு பேரும் ஐடியில் சம்பாதிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை இல்லை என்று கணக்கு சொல்லிவிடும், நீங்கள் வீட்டுக்கடன் கட்டுவதெல்லாம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மதிப்பெண் பார்த்துக் கொடுக்கும் மெரிட் உதவி வேண்டுமென்றால் ஊஸ்டர், ஒஹாயோ வெஸ்லியன், டேட்டன் பக்கமும் இரண்டு மூன்று விண்ணப்பம் போடுங்கள். மகள் பள்ளியில் முதல் 5 சதவீதத்தில் இருந்தால் மாநில அரசின் கவர்னர்ஸ் மெரிட் ஸ்காலர்ஷிப் வருடத்துக்கு 5,000 டாலர் வரை கிடைக்கும். 2024ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து தொடங்கிய திட்டம். ஒஹாயோவுக்குள் இருக்கும் தனியார் கல்லூரிக்கும் செல்லும், மாநிலம் தாண்டினால் கிடையாது.

அப்புறம், மார்ச் மாதம் கல்லூரியிடமிருந்து நிதியுதவிக் கடிதம் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேலே கொட்டை எழுத்தில் மொத்த உதவி இவ்வளவு என்று ஒரு தொகை இருக்கும். அதற்குள்ளே மாணவர் பெயரில் வாங்கும் கூட்டரசுக் கடன் 5,500 டாலர் (முதல் வருட வரம்பு), வளாகத்தில் வேலை செய்தால் மட்டும் வரும் 'ஒர்க் ஸ்டடி' பணம், சில கடிதங்களில் பெற்றோர் வாங்க வேண்டிய பிளஸ் கடன்கூடச் சேர்ந்திருக்கும். கடனை உதவி என்று எழுதுவது இந்தத் தொழிலில் எனக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத விஷயம். ஒரு வெள்ளைத்தாளில் கல்விக் கட்டணம், இதர கட்டணம், அறை, சாப்பாடு நான்கையும் கூட்டுங்கள், திருப்பிக் கட்ட வேண்டாத மானியத்தை மட்டும் கழியுங்கள், மிச்சம்தான் உங்கள் விலை. அந்தத் தாளை வைத்து மட்டும் ஒஹாயோ ஸ்டேட்டோடு ஒப்பிடுங்கள்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, மயாமி யுனிவர்சிட்டி ஒஹாயோவில் இருக்கிறது என்கிறார்கள். புளோரிடாவில் இல்லையா? தனியாரா?

ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஒஹாயோ ஊரில் இருக்கிறது, 1809ல் தொடங்கியது, அப்போது புளோரிடா அமெரிக்காவிலேயே இல்லை. அது அரசுப் பல்கலைக்கழகம். புளோரிடாவில் இருக்கும் யுனிவர்சிட்டி ஆஃப் மயாமிதான் தனியார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஒஹாயோ வெஸ்லியன் இருப்பது டெலவேர் நகரத்தில். டெலவேர் மாநிலத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

மேசனிலிருந்து ஓர் அம்மா: நாங்கள் எச்-1பியில் இருக்கிறோம், பையன் எச்-4 (எங்களைச் சார்ந்தவருக்கான விசா). கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. தனியார் கல்லூரியில் ஏதாவது உதவி கிடைக்குமா?

கூட்டரசு உதவி கிடைக்காது, அதற்கான விண்ணப்பப் படிவமான ஃபாஃப்ஸா போட்டும் பயனில்லை. வருமானம் பார்த்து மாநிலம் கொடுக்கும் மானியமும் கிடைக்காது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் கொடுப்பதற்குத் தடை இல்லை, ஆனால் பல கல்லூரிகள் எச்-4 பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைக்கும். வெளிநாட்டு மாணவர் என்றால் பெரும்பாலான இடங்களில் காசு கேட்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். உங்கள் பையனை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது நாளைக்குச் செல்லாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். எச்-4ல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, கோடை இன்டர்ன்ஷிப் உட்பட. 21 வயதில் எச்-4ம் போய்விடும். இரண்டாம் வருடத்துக்குள் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுவதைப் பற்றி ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

பெயர் போடாத ஒருவர்: ஒரே மாநிலத்தில் எதற்கு இத்தனை தனியார் கல்லூரி? ஊர் ஊருக்கு ஒன்று இருக்கிறதே.

ஐம்பதுக்குக் கிட்ட இருக்கின்றன. காரணம் திருச்சபைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டி ஊர் அமைத்ததும் அடுத்து ஒரு கல்லூரி அமைத்தார்கள், ஒவ்வொரு சபைக்கும் தன் போதகர்களைத் தானே உருவாக்க வேண்டும் என்ற ஆசை. எபிஸ்கோபல் சபைக்கு 1824ல் கென்யன், பாப்டிஸ்டுகளுக்கு 1831ல் டெனிசன், மெதடிஸ்டுகளுக்கு 1842ல் ஒஹாயோ வெஸ்லியன், லூதரன்களுக்கு 1845ல் விட்டன்பெர்க். கத்தோலிக்கர்கள் சின்சினாட்டியில் சேவியரும் டேட்டனில் டேட்டன் பல்கலைக்கழகமும் தொடங்கினார்கள். கென்யனைத் தொடங்கிய பிஷப் பிலாண்டர் சேஸ் இங்கிலாந்துக்கே போய்ப் பணம் திரட்டி வந்தார், கொடுத்த பிரபுக்களில் ஒருவர் பெயர் கல்லூரிக்கும் இன்னொருவர் பெயர் ஊருக்கும் போனது. கல்லூரிக் கட்டடத்துக்கு நன்கொடையாளர் பெயர் வைக்கும் பழக்கம் புதுசு இல்லை!

இதில் நான் தனியாகச் சொல்ல விரும்புவது இரண்டு. ஓபர்லின் 1835லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதாக முடிவெடுத்தது, 1837ல் பெண்களை ஆண்களோடு ஒரே பட்டப்படிப்பில் சேர்த்தது. 1856ல் தொடங்கிய வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தை 1863ல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை வாங்கி, பிஷப் டேனியல் பெய்ன் தலைவரானார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். தரவரிசைப் பட்டியலில் வில்பர்ஃபோர்ஸைத் தேடினால் கிடைக்காது, அதனால் இந்தக் கதையும் நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை.

கிளீவ்லாண்டிலிருந்து: சின்னக் கல்லூரிகள் மூடிக்கொண்டே வருகின்றன. சேர்ந்த பிறகு மூடிவிட்டால்?

நியாயமான பயம். கிளீவ்லாண்டை ஒட்டிய சவுத் யூக்லிடில் இருந்த, 1922ல் தொடங்கிய நோட்ரடாம் கல்லூரி, 2024 பிப்ரவரி கடைசியில் அறிவித்து அந்த செமஸ்டரோடு மூடிவிட்டது (இந்தியானாவில் இருக்கும் பெரிய நோட்ரடாம் வேறு). அர்பானா பல்கலைக்கழகம் 2020ல் போனது. ஆன்டியாக் கல்லூரி 2008ல் மூடி, பழைய மாணவர்கள் போராடி 2011ல் மறுபடி திறந்தார்கள். 2008க்குப் பிறகு பிறப்பு குறைந்தது, அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வருகிறார்கள், ஆள் குறையத்தான் செய்யும்.

மூடும் கல்லூரி வேறு கல்லூரிகளோடு ஏற்பாடு செய்து மாணவர்களை அனுப்பும். ஆனால் உங்கள் உதவித்தொகை அதே அளவு தொடரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே சேரும் முன் நான் பார்க்கச் சொல்வது: ஐந்து வருட மாணவர் எண்ணிக்கை இறங்குகிறதா, வருமானவரிக் கணக்கான 'படிவம் 990'ல் வருடா வருடம் பற்றாக்குறையா (புரோபப்ளிகா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்), ஹையர் லேர்னிங் கமிஷன் என்ற அங்கீகார அமைப்பு ஏதாவது எச்சரிக்கை போட்டிருக்கிறதா. கூட்டரசுக் கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரியின் நிதி நிலைக்கும் மதிப்பெண் போடுகிறது, மைனஸ் 1லிருந்து 3 வரை, 1.5க்குக் கீழே போனால் எனக்குப் பிடிக்காது. வளாகத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறதே, பணம் இருக்கிறது போல என்று நினைக்காதீர்கள். அது கடனில் எழும்பலாம்.

மதுரை லேடி டோக் கல்லூரி பழைய மாணவி: நாங்கள் படித்தபோது ஓபர்லினிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகள் வந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார்கள். அதே ஓபர்லின்தானா?

அதேதான். 1900ல் சீனாவில் வெளிநாட்டாருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கலவரத்தில் ஓபர்லினில் படித்த மிஷனரிகள் பலர் ஷான்சி மாகாணத்தில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1908ல் 'ஓபர்லின் ஷான்சி' அமைப்பு உருவானது. சீனாவில் ஆட்சி மாறியதும் அங்கே வேலை செய்ய முடியாமல் போக, 1950களில் மதுரைப் பக்கம் திரும்பினார்கள், முதலில் அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் உங்கள் லேடி டோக். உங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் ஓபர்லினில் பட்டம் முடித்த கையோடு வந்தவர்களாக இருப்பார்கள். உங்கள் பிள்ளை விண்ணப்பித்தால் கட்டுரையில் இதை எழுதலாம், 'நான் சிறுவயதிலிருந்து தலைமைப்பண்பு' வகைக் கட்டுரையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கொலம்பஸிலிருந்து: டேட்டன், சேவியர் எல்லாம் கத்தோலிக்கக் கல்லூரி. நாங்கள் இந்துக்கள். மதமாற்றம் அது இது என்று வீட்டில் தாத்தா கத்துகிறார்.

தாத்தாவிடம் சொல்லுங்கள், நம் ஊரில் லயோலாவில் படித்தவர்கள் எல்லாரும் மதம் மாறிவிட்டார்களா? இதுவும் அப்படித்தான். சமயம், தத்துவம் சார்ந்த சில பாடங்கள் கட்டாயம், பூசைக்கு யாரும் இழுக்க மாட்டார்கள். ஆனால் எல்லாமே இப்படி இல்லை. செடார்வில் பல்கலைக்கழகத்தில் தினசரி ஆராதனைக்குப் போக வேண்டும், எந்தத் துறையில் சேர்ந்தாலும் பைபிள் துணைப்பாடம் உண்டு. ஒளிவு மறைவு இல்லாமல் தளத்திலேயே போட்டிருப்பார்கள். படித்துவிட்டு முடிவெடுங்கள்.

திருச்சியிலிருந்து: மேடம், எம்எஸ்சுக்கு எது நல்லது? ஓபர்லினில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்எஸ் உண்டா?

இல்லை. ஓபர்லின், கென்யன், டெனிசன், ஊஸ்டர் எல்லாம் இளங்கலைக்கான இடங்கள். எம்எஸ் என்றால் கிளீவ்லாண்டில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், பொறியியலுக்கு டேட்டன். கேஸ் தொழில்நுட்பக் கழகமும் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகமும் 1967ல் சேர்ந்ததால்தான் இவ்வளவு நீளப் பெயர். மைக்கெல்சனும் மார்லியும் 1887ல் ஒளியைச் சுமப்பதாக அன்று நம்பிய ஈதரைத் தேடிக் கிடைக்காமல்போன சோதனையைச் செய்தது அங்கேதான். படித்து முடித்தபின் 12 மாத ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி), ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பாடமென்றால் மேலே 24 மாதம் என்பது எங்கே படித்தாலும் ஒன்றுதான், 'எங்களிடம் வந்தால் முதல் நாளே வேலை' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலர் கேட்டது: டாக்டராக என்ன வழி?

இங்கே பள்ளி முடித்ததும் நேராக எம்பிபிஎஸ் மாதிரி கிடையாது. கேஸ் வெஸ்டர்னில் பன்னிரண்டாவதிலேயே மருத்துவ இடத்தை உறுதி செய்யும் திட்டம் இருக்கிறது, மிகச் சிலருக்குத்தான். அதே பல்கலைக்கழகத்தின் கீழ் கிளீவ்லாண்ட் கிளினிக் லெர்னர் மருத்துவக் கல்லூரி ஐந்து வருடப் படிப்பு, சேர்ந்தவர்கள் அனைவருக்கும் கல்விக் கட்டணம் இலவசம், பட்டம் முடித்துத்தான் போக முடியும். மருந்தியல் போதுமென்றால் ஏடா ஊரில் ஒஹாயோ நார்தர்ன், பள்ளி முடித்து நேரே ஆறு வருடத்தில் ஃபார்ம்-டி.

ஓர் அம்மா: சைவச் சாப்பாடு?

கிடைக்கும். ருசி வேறு விஷயம். ஓபர்லினில் மாணவர்களே நடத்தும் கூட்டுறவுச் சமையலறைகள் இருக்கின்றன, முறை வைத்துச் சமைத்துப் பாத்திரமும் கழுவ வேண்டும், மெஸ் கட்டணமும் குறையும். ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

பவல் பக்கத்திலிருந்து: பையன் பள்ளியிலேயே காலேஜ் கிரெடிட் பிளஸ்ஸில் (பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கும் ஒஹாயோ திட்டம்) நிறைய கிரெடிட் வாங்கியிருக்கிறான். செல்லுமா?

அரசுக் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று பொதுப்பாட கிரெடிட்டை ஏற்க வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது. தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிலர் முழுசாக எடுப்பார்கள், சிலர் கைவிரிப்பார்கள். ஊஸ்டரில் எத்தனை கிரெடிட் கொண்டுபோனாலும் கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் சொந்த ஆய்வு ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும், 1948லிருந்து இருக்கும் வழக்கம். ஆய்வைக் கொடுக்கும் திங்கட்கிழமை அலுவலகத்தில் கையில் ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் தருவார்கள், பிறகு பேக்பைப் ஊதிக்கொண்டு ஊர்வலம். அந்த ஆய்வுதான் பிறகு எம்எஸ், பிஎச்டி விண்ணப்பத்துக்குக் கைகொடுக்கும், அதனால் ஒரு செமஸ்டர் மிச்சமாகவில்லையே என்று ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

மறுபடி டப்ளின் அப்பா: கடிதம் வந்தபின் இன்னும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? அசிங்கமாக இருக்காதா?

தாராளமாகக் கேட்கலாம், தினமும் கேட்பார்கள். 'பேரம்' என்ற தொனி மட்டும் வேண்டாம். உங்கள் வருமானத்தில் மாற்றம் இருந்தால், வேலை போனது, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம், எதுவானாலும் காகித ஆதாரத்தோடு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அதே தரத்தில் இருக்கும் வேறு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலை இணையுங்கள், டெனிசனிடம் ஊஸ்டர் கடிதத்தைக் காட்டலாம், அரசுக் கல்லூரிக் கடிதத்தைக் காட்டினால் அசைய மாட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள், மே 1 முன்பணம் கட்டும் நாள், கடைசி வாரத்தில் கல்லூரியின் கையில் பணம் மிச்சமிருக்காது. ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் போன் போடுங்கள், மகளையே பேசச் சொல்லுங்கள், அப்பாக்கள் பேசினால் எங்கள் அலுவலகத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள்.