அம்மா கூப்பிட்டால் கதவைத் திறங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. உட்லண்ட்ஸில் குடியிருக்கிறோம். ஐடி துறையில் வேலை. மூன்று ஆண்டுகளாகக் குவாண்டம் இயற்பியல், பிரக்ஞை, கிறிஸ்தவ ஆன்மிகம் மூன்றையும் சேர்த்துப் படித்துவருகிறேன். பார்ப்பவரின் பிரக்ஞைதான், ஒரு துகளின் பல சாத்திய நிலைகளைக் குறிக்கும் அலைச்சார்பைக் குலைத்து நிஜத்தை உண்டாக்குகிறது, விசுவாச ஜெபமும் அதையே செய்கிறது என்பது என் முடிவு. மைஸ்டர் எக்கார்ட் போன்ற ஞானிகளும் இதைத்தான் சொன்னார்கள். தினமும் காலை 5 மணிக்கு 45 நிமிடம் ஜெபதியானம் செய்கிறேன். (பக்கவாதம் வந்த அம்மா அந்த நேரத்தில் கழிவறைக்குக் கூப்பிடுவார். நிலை கலைந்துவிடும் என்பதால், மத்தேயு 6:6 சொல்வதுபோல் கதவைச் சாத்தி ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வேன். பணிப்பெண் பார்த்துக்கொள்வாள்.) சபை வாலிபர்களுக்கு இதை நான்கு வாரப் பாடமாக எடுக்க ஆசை. போதகர் தயங்குகிறார். மனைவிக்கு அறிவியல் தெரியாது, இப்போதெல்லாம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக ஒதுக்கிய விஷயத்தில்தான் உங்கள் கடிதமே இருக்கிறது. பெற்ற தாய் விடியற்காலையில் கழிவறைக்குப் போகக் கூப்பிடுகிறார். மகன் விழித்துத்தான் இருக்கிறார். காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும்!

மத்தேயு 6:6-ஐ இதற்குத் துணைக்கு அழைக்காதீர்கள். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றிய பேச்சு அது. ஊர் மெச்ச ஜெபிக்காதே என்பதற்காகச் சொன்ன கதவு. தாய்க்கு எதிராகச் சாத்தச் சொன்ன கதவு இல்லை. உங்கள் நிலைமைக்கு உரிய பகுதி மாற்கு 7-ஆம் அதிகாரம், 9 முதல் 13 வரை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு அங்கே எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். 5 மணியிலிருந்து 5.45 வரை நீங்கள் கொர்பான் ஆக்கிவிட்டீர்கள்.

எக்கார்ட்டைச் சொன்னீர்கள். ஜெர்மானிய தொமினிக்கன் துறவியான அவர் இளம் துறவிகளுக்குச் சொன்ன அறிவுரைகளில் ஓர் இடம் உண்டு. பவுலைப் போன்ற பரவச நிலையிலேயே ஒருவன் இருந்தாலும், நோயாளி ஒருவருக்குக் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்று தெரிந்தால், பரவசத்தை விட்டு எழுந்துபோய் அதைக் கொடுப்பதுதான் மேல் என்கிறார். உங்கள் வீட்டு 5 மணியைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. எழுந்துபோகச் சொன்னவரை உட்கார்ந்திருப்பதற்குச் சாட்சியாக நிறுத்தலாமா?

இனி இயற்பியலுக்கு வருகிறேன். அம்மா கூப்பிட்டால் ‘நிலை கலைந்துவிடும்’ என்ற உங்கள் பயமே அங்கிருந்துதான் முளைத்திருக்கிறது. துகள்களை இரண்டு துளைகள் வழியாக அனுப்பும் இரட்டைத் துளைச் சோதனையில், திரையில் அலைபோல் விழும் வரிகளான குறுக்கீட்டுக் கோலத்தை அழிப்பது மனம் இல்லை. துகள் எந்தத் துளை வழியாகப் போனது என்ற தகவல் வெளியே கசிந்தால் போதும், கோலம் மங்கிவிடும். கருவி பதிவு செய்தாலும் மங்கும். யாருமே படிக்காத பதிவாக இருந்தாலும் மங்கும். வியன்னாவில் 1999-இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரின் மூலக்கூறிலேயே இந்தக் கோலத்தைக் காட்டினார்கள். 2004-இல் அதே நகரத்தில் ஃபுல்லரின்களை லேசரால் சூடாக்கினார்கள். சூடேறிய மூலக்கூறு தானாக ஒளியை உமிழ்ந்தது, அந்த ஒளி வழியாகத் தகவல் கசிந்தது. சூடு ஏற ஏறக் கோலம் மங்கியது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை, யாரும் விசுவாசிக்கவுமில்லை, வெப்பமே அந்த வேலையைச் செய்தது.

பிரக்ஞைதான் அலைச்சார்பைக் குலைக்கிறது என்று பெரிய ஆட்களும் எழுதியிருக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961-இல் அப்படித்தான் வாதிட்டார். சுற்றுப்புறத்தோடு ஏற்படும் உரசலே குவாண்டம் தன்மையைக் கலைத்துவிடும் என்று இயற்பியலாளர் டீட்டர் சே 1970-இல் காட்டத் தொடங்கியபின், விக்னரே தன் பழைய கருத்தைக் கைவிட்டார். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் மயக்க மருந்து மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபும் மூளை அணுக்களின் நுண்குழல்களில் நிற்கும் குவாண்டம் நிலையிலிருந்தே பிரக்ஞை பிறக்கிறது என்கிறார்கள். அதற்கு இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000-இல் கணக்குப் போட்டார். மூளையின் வெப்பத்தில் அப்படிப்பட்ட நிலை, நீண்ட நேரம் தாங்கினால்கூட ஒரு நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான். நரம்பணு வேலை செய்வதோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில். ஹாமராஃப் தரப்பு 2002-இல் மறுகணக்கு போட்டது. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஓயாத சர்ச்சையை வாலிபர்களிடம் முடிந்த உண்மையாகச் சொல்லக்கூடாது.

குவாண்டம் பிணைப்பையும், அதாவது தொலைவில் பிரிந்திருக்கும் இரண்டு துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதையும், நீங்கள் விட்டுவைக்க மாட்டீர்கள் என்று தெரியும். தூரத்திலிருக்கும் ஒருவருக்காக ஜெபிப்பதை அதைக்கொண்டு விளக்குகிறவர்கள் நிறையப் பேர். 2022-ஆம் ஆண்டு நோபல் பரிசு ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் இந்தப் பிணைப்பு ஆய்வுகளுக்காகத்தான் கிடைத்தது. ஆனால் பிணைந்த துகள்களை மட்டும் கொண்டு ஒரு செய்தியைக்கூட அனுப்ப முடியாது. இரண்டு பக்கத்துப் பதிவுகளையும் வழக்கமான வழியில் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் பிணைப்பு இருந்ததே தெரியும். நம் சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜில் 2007 முதல் இயங்கும் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். 2019-இல் ஒரு சின்னத் துணைக்கோளில் வைத்து விண்வெளியிலேயே பிணைந்த ஒளித்துகள்களை உண்டாக்கினார்கள். இவ்வளவு பெரிய அறிவை ஜெபத்துக்குச் சான்றிதழாகச் சுருக்குவது இரண்டுக்குமே அவமதிப்பு.

ஜெபத்துக்கு ஏன் சான்றிதழ் வேண்டும் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. நான் கவனித்தால் நிஜம் நான் நினைத்தபடி வளையும் என்றால், அங்கே தேவனுக்கு என்ன வேலை? கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ‘உம்முடைய சித்தம்’ என்றுதான் இருக்கிறது. ஜான் போல்க்கிங்ஹார்ன் கேம்பிரிட்ஜில் கணித இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1979-இல் அந்தப் பதவியை விட்டு, 1982-இல் ஆங்கிலிக்கன் குருவானார். துகள் இயற்பியலை உள்ளும் புறமும் அறிந்த அவரே குவாண்டத்தை எல்லாவற்றுக்கும் விடையாக்காதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டிருந்தார். வாலிபர்களுக்குப் பாடம் எடுப்பதற்கு முன் அவரைப் படியுங்கள். உங்கள் போதகர் தயங்குவது சரி. அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

அம்மா கூப்பிட்டால் தியானம் பாழாகிவிடுமா? கிறிஸ்தவத் தியான மரபில் அப்படி ஒரு சட்டமே இல்லை. பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெய்ன், துறவியாவதற்கு முன் 1950-களில் மலாயாவில் அரசுப் பணியில் இருந்தபோது கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தாவிடம் தியானம் கற்றவர். அவர் பரப்பிய முறை மிக எளிது. முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். ‘மாரநாதா’ (‘கர்த்தரே வாரும்’) என்ற சொல்லை மா-ர-நா-தா என்று ஒரே சீராக மனத்துக்குள் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் 20 முதல் 30 நிமிடம். கவனம் சிதறினால் திரும்பச் சொல்லுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். சிதறுவதும் திரும்புவதும்தான் அந்தப் பயிற்சியே. கலைந்துபோக அதில் ஒரு நிலையும் கிடையாது. 45 நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால்தான் பலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவரை நம்பாதீர்கள்.

நாளைக் காலையிலிருந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 4.50-க்கு எழுந்து நேராக அம்மா அறைக்குப் போங்கள். அவர் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். அவசரமாக எழுந்து தனியாகப் போகப் பார்த்துத்தான் பல முதியவர்கள் விழுகிறார்கள். விளக்கைப் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரவையுங்கள். படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வழுக்காத செருப்பு போட்டுவிடுங்கள். நடக்கும்போது பலவீனமான பக்கம் நீங்கள் நில்லுங்கள், இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்தவருக்குத் தோள் மூட்டு எளிதில் இறங்கிவிடும். நாற்காலிக்கு மாற்றும்போது மட்டும் நாற்காலி பலமான பக்கம் இருக்கட்டும். கழிவறை வாசல் திட்டில் கால் தடுக்கும், அங்கே நிதானியுங்கள். கைப்பிடிக் கம்பி இன்னும் இல்லையென்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். தகுதியுள்ள சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கம்பி, வழுக்காத தரைப்பூச்சு, சிறு சாய்தளம் ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. விடியுமுன் அடிக்கடி போகவேண்டியிருந்தால் மாத்திரைகளை எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று பாலிகிளினிக்கில் கேளுங்கள். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் எழுந்துகொண்டிருப்பார்கள். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

அம்மாவைத் திரும்பப் படுக்கவைத்தபின் 5.20-க்கு உட்காருங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், கதவும் திறந்தே இருக்கட்டும். 20 நிமிடம் போதும். நடுவில் மறுபடி கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

பணிப்பெண் இருக்கிறாளே என்று எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் உங்கள் அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, சமைத்து, துணி துவைத்துவிட்டுப் படுக்கிற பெண் அவள். பக்கத்து அறையில் மகன் விழித்திருக்கும்போது அவளை எழுப்புவது என்ன நியாயம்? சம்பளம் கொடுத்து உதவிக்கு ஆள் வைக்கலாம், தப்பில்லை. மகனுக்குரிய கடமையை மாற்றிக் கொடுக்க முடியாது.

உங்கள் மனைவிக்கு எலக்ட்ரானைப் பற்றி எதுவும் விளக்க வேண்டாம். அம்மா கூப்பிடும் சத்தம் அவர் காதிலும் விழுகிறது. மூடிய கதவையும் அவர் தினமும் பார்க்கிறார். முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் அறிவியல் தெரியாமை என்று நீங்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று இரவே அவரிடம், “நாளையிலிருந்து காலையில் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். வாலிபர் பாடத்தை இந்த ஆண்டு எடுக்காதீர்கள். போதகரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.